சர்வகலாசாலையின் பெயரால் நில வேட்டை!

சர்வகலாசாலை வேண்டாம் என்று சொல்கிற ஆள் இண்டூரில் ஒருவர்கூட இல்லை. களியைத் தின்றுவிட்டுக் கடலைக் காட்டில் களை பறித்து, அந்தக் கூலியில் பிள்ளைக்குப் பஸ் காசு எடுத்து வைக்கிற தாய்க்குப் படிப்பின் அருமையை எந்த மந்திரியும் வந்து உபதேசம் செய்ய வேண்டியதில்லை. நமது ஜில்லாவின் பெண்பிள்ளைகளைச் 'சுமங்கலித் திட்டம்' என்று நாமகரணம் சூட்டி, மூன்று வருஷம் நூல் மில் விடுதியில் அடைத்து வைத்து, கடைசியில் தருவதாகச் சொன்ன மொத்தப் பணத்தைக் காட்டி வேலை வாங்கினார்களே, அந்தப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் தெரியும், பள்ளிக்கூடத்துக்கு அடுத்த படி இல்லாமற் போனால் என்ன நேரும் என்று.

ஆகவே நாம் இங்கே பேசப்போவது கல்வி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. கல்வி என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வருகிறார்கள், எத்தனை ஏக்கர் கேட்கிறார்கள், அந்த ஊரின் தண்ணீரும் ரோடும் மேய்ச்சலும் என்ன ஆகிறது, கடைசியில் உள்ளே உட்கார்ந்து படிக்கப்போவது யார் வீட்டுப் பிள்ளை என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி இப்போது ஏன்? காரணம் இருக்கிறது.

2025 அக்டோபரில் தமிழ்நாடு சட்டசபையில் தனியார் பல்கலைக்கழகச் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தைத் தி.மு.க. சர்க்கார் கொண்டுவந்து நிறைவேற்றியது. 2019-ம் வருஷச் சட்டப்படி தனியார் சர்வகலாசாலை ஆரம்பிக்க ஒரே தொடர்ச்சியாக 100 ஏக்கர் நிலம் வேண்டும். அதைத் திருத்தி, மாநகராட்சியில் 25 ஏக்கர் போதும், நகராட்சி, பேரூராட்சியில் 35 ஏக்கர் போதும், மற்ற இடங்களில் 50 ஏக்கர் போதும் என்றார்கள். ஏற்கெனவே நடக்கிற கல்லூரிகளை, சர்க்கார் பணத்தில் சம்பளம் வாங்குகிற உதவி பெறும் கல்லூரிகளையும் சேர்த்து, அப்படியே தனியார் சர்வகலாசாலையாக மாற்றிக் கொள்ளவும் வழி திறந்து விட்டார்கள். ஆசிரியர் சங்கங்கள் தெருவில் இறங்கின. மாணவர் சங்கங்கள் இறங்கின. கூட்டணியில் இருந்த கம்யூனிஸ்டுக் கட்சிகளும் கூடாது என்று எதிர்த்தன. சில நாட்களிலேயே அன்றைய உயர்கல்வி மந்திரி, மசோதாவைத் திரும்பப் பெற்று மறு ஆய்வு செய்வோம் என்று அறிவித்தார்.

சட்டசபையில் கை தூக்கி நிறைவேற்றிய மசோதாவை ஒரே வாரத்தில் விழுங்கும்படி நேர்ந்ததே, அது நல்லது. ஆனால் விழுங்கியது செரித்துவிட்டதா, தொண்டையிலேயே நிற்கிறதா என்பதுதான் சந்தேகம். 'கைவிட்டோம்' என்று சொல்வது வேறு. 'மறு ஆய்வு' என்று சொல்வது வேறு. சம்பளப் பேச்சு வார்த்தையில் மில் மானேஜர் 'பார்க்கலாம்' என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தமென்று தொழிலாளிக்குத் தெரியாதா?

"நூறு ஏக்கரைக் குறைத்தால் நல்லதுதானே, நிலம் குறைவாகத்தானே போகும்?" என்று சில படித்த பெரிய மனிதர்கள் வாதாடினார்கள். கேட்கத் தேனாக இருக்கிறது. நகரத்துக்குள் 100 ஏக்கர் கிடைக்காததால் முடங்கிக் கிடந்த முதலாளிக்கு 25 ஏக்கரில் கதவைத் திறந்து விடுவது நிலத்தைக் காப்பதாகுமா, கடையைப் பெருக்குவதாகுமா? அதுவும் உதவி பெறும் கல்லூரிகளின் நிலம் யாருடையது? ஊர்ப் பெரியவர்கள் தருமத்துக்கு எழுதி வைத்தது, சர்க்கார் புறம்போக்கில் கொடுத்தது, ஜனங்கள் வசூல் செய்து வாங்கியது. பல பத்து வருஷமாக வாத்தியார் சம்பளம் ஜனங்களின் வரிப்பணத்திலிருந்து போயிருக்கிறது. இப்படி வளர்ந்த கல்லூரியை ஒரு கையெழுத்தில் தனியார் சர்வகலாசாலை ஆக்கிவிட்டால், கட்டணத்தை நிர்ணயிப்பவன் யார், இட ஒதுக்கீட்டுக்குப் பொறுப்பு யார், அடுத்த வாத்தியாரை நியமிப்பவன் யார்? சாணி அள்ளியவன் ஒருவன், நெய் தின்பவன் இன்னொருவன்.

பூரியில் நடந்தது

இவர்கள் கையில் 'நீண்ட கால விஸ்தரிப்புத் திட்டம்' என்ற காகிதம் கிடைத்தால் என்ன செய்வார்கள் என்று ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. நடந்தே இருக்கிறது. ஒரிசாவில், பூரிக்கும் கோனார்க்குக்கும் இடையிலே நடந்தது. அதை நமது தோழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

வேதாந்தா என்ற பெயரை நமக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டாம். மேட்டூரில் மால்கோ அலுமினியத் தொழிற்சாலையை 1995-ல் வாங்கி, 2008-ல் அலுமினிய உற்பத்தியை மூடித் தொழிலாளர்களை வீதிக்கு அனுப்பியது அந்தக் கம்பெனிக் கூட்டம். தூத்துக்குடியில் அதன் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துக் கலெக்டர் ஆபீசுக்கு நடந்த ஜனங்கள்மீது 2018 மே 22-ல் போலீஸ் சுட்டது. 13 பேர் மாண்டார்கள். அந்தக் கம்பெனியின் அதிபர் அனில் அகர்வாலுக்கு 2006-ல் திடீரென்று கல்வித் தாகம் எடுத்தது! உலகத் தரத்தில் சர்வகலாசாலை கட்டப் போகிறாராம். ஒரு லட்சம் மாணவர் படிப்பார்களாம். 2006 ஜூலையில் ஒரிசா சர்க்காரோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

கேட்ட நிலம் எவ்வளவு தெரியுமா? 10,000 ஏக்கர் என்று பேச்சு நடந்து, எதிர்ப்பு வந்த பிறகு 6,000 ஏக்கர் சொச்சத்துக்கு இறங்கினார்கள். சென்னை ஐ.ஐ.டி. இருக்கிறதே, மானும் குளமும் காடும் உள்ளேயே அடங்கிய அந்த இடம் முழுவதும் 600 ஏக்கர் சொச்சம்தான். அதுபோலப் பதினாறு ஐ.ஐ.டி. கொள்ளுகிற இடம் ஒரு தனியார் சர்வகலாசாலைக்கு எதற்கு? வகுப்பு நடத்தவா, ஜமீன் நடத்தவா?

நிலம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சர்க்கார் ஒப்புக்கொண்ட சலுகைகளைப் படித்தால் பழைய ராஜாக்கள் கொடுத்த இனாம் சாசனங்கள்கூட வெட்கப்படும். நிர்வாகம், மாணவர் சேர்க்கை, கட்டணம், பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம் எல்லாவற்றிலும் முழுச் சுதந்திரம். ராஜ்ய சர்க்காரின் இட ஒதுக்கீட்டுச் சட்டம் எதுவும் உள்ளே நுழையாது. கட்டுமானத்துக்கும் கருவிகளுக்கும் பத்திரப் பதிவுக்கும் ராஜ்ய வரிகளில் விலக்கு. புவனேசுவரத்திலிருந்து நாலு வழிச் சாலை சர்க்கார் செலவில். இதற்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல் ஒரு ஷரத்து: சர்வகலாசாலையின் எல்லையிலிருந்து 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தீர்மானிக்கும்போது அந்தச் சர்வகலாசாலையைக் கலந்தாலோசிக்க வேண்டும்!

ஐந்து கிலோமீட்டர்! கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இண்டூர்ச் சந்தியில் நின்றுகொண்டு நாலு பக்கமும் 5 கிலோமீட்டர் போனால் எத்தனை ஊர், எத்தனை ஏரி, எத்தனை காலனி வருகிறது? அத்தனை ஊர்க்காரனும் தன் காட்டில் ஒரு மாட்டுக் கொட்டகை போட வேண்டுமானால்கூட அடுத்த வேலிக்குள் உட்கார்ந்திருக்கும் கம்பெனியின் முகத்தைப் பார்க்க வேண்டுமா? வேலிக்கு உள்ளே இருப்பது அவன் நிலம். வேலிக்கு வெளியே இருப்பதும் அவன் சொற்படிதான் என்றால், ஊர் என்று மிச்சம் இருப்பது எது?

பூரி ஜனங்கள் பொறுத்துக் கொண்டிருக்கவில்லை. 6,000 குடும்பங்களின் விவசாய நிலம் அது. 30,000 பேருடைய ஜீவனம். நுவாநை, நளா என்ற இரண்டு ஆறுகள் அந்த நிலத்தின் ஊடாக ஓடுகின்றன. அடுத்தாற்போல் மான்கள் வாழும் பாலுகண்ட சரணாலயம். ஜகந்நாதர் கோயில் நிலங்களும் உள்ளே மாட்டிக்கொண்டன. விவசாயிகள் கூட்டம் போட்டார்கள், மறியல் செய்தார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். 2010 நவம்பரில் ஒரிசா ஹைகோர்ட்டு நில எடுப்பையே ரத்து செய்தது. அதன்மேல் அப்பீல். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தார்கள். 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் ஹைகோர்ட்டுத் தீர்ப்பை ஊர்ஜிதம் செய்து, அகர்வாலின் அறக்கட்டளைக்கு 5 லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது. ஒரு கம்பெனிக்கு ராஜ்ய சர்க்கார் அளவு மீறிச் சலுகை காட்டியிருக்கிறது என்று கோர்ட்டே கண்டித்தது. கவனியுங்கள், இது நமது மேடையிலே பேசிய பேச்சு அல்ல, சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு.

அந்த வழக்கில் வெளியான இன்னொரு வேடிக்கை: அந்த 'அறக்கட்டளை' முதலில் ஒரு தனியார் கம்பெனியாகவே பதிவாகியிருந்தது. 1894-ம் வருஷ வெள்ளைக்காரன் சட்டத்தின்படியே தனியார் கம்பெனிக்கு இப்படி நிலம் பிடுங்கித் தர முடியாது. உடனே அதைப் 'பொதுக் கம்பெனி' என்று மாற்றி எழுதிக்கொண்டார்கள். போர்டை மாற்றினால் புலி பசுவாகிவிடுமாம்!

சட்டம் எப்படி வளைகிறது

விவசாயிகளின் பெரும் கிளர்ச்சிகளுக்குப் பிறகு, 1894 சட்டம் போய் 2013-ம் வருஷச் சட்டம் வந்தது. அதிலே ஒரு நல்ல வாசகம் இருந்தது: நிலம் எடுப்பதற்கான 'பொது நோக்கம்' என்ற கணக்கில் தனியார் ஆஸ்பத்திரியும் தனியார் கல்வி நிலையமும் தனியார் ஓட்டலும் சேராது. மோடி சர்க்காருக்கு இது கண்ணில் விழுந்த தூசியாயிற்று. 2014 டிசம்பர் 31-ல் அவசரச் சட்டம் போட்டு அந்த விலக்கிலேயே கை வைத்தார்கள். நாடெங்கும் விவசாயிகள் கொதித்தெழுந்தபின், 2015 ஆகஸ்டு கடைசியில் அவசரச் சட்டம் காலாவதியாக விடப்பட்டது.

முன்வாசலை மூடினால் முதலாளி வீட்டுக்குப் போய்விடுவானா? புழக்கடைக்கு வருவான். தமிழ்நாட்டில் 1997-ம் வருஷத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நஷ்ட ஈடு, மறுவாழ்வு விஷயங்கள் நீங்கலாக, 2013 சட்டத்தின் மற்றப் பாதுகாப்புகள், அதாவது நில உடைமையாளரின் சம்மதம், கூலி ஜனங்களுக்கு என்ன நேரும் என்ற சமூகப் பாதிப்பு ஆய்வு, இவை அதற்குப் பொருந்தா என்று அ.தி.மு.க. ஆட்சியில் திருத்தம் செய்தார்கள். 2019-ல் சென்னை ஹைகோர்ட்டு அதை அடித்தது. அதே வருஷம் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள். 2021-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. ஆட்சி மாறியது, சட்டம் மாறவில்லை.

இதற்கும் சர்வகலாசாலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். திருவள்ளூர் ஜில்லா ஊத்துக்கோட்டைப் பக்கம் 'அறிவு நகரம்' என்று ஒரு திட்டம் போட்டார்கள். வெளிநாட்டுச் சர்வகலாசாலைகள் வந்து கடை விரிப்பதற்கு நூற்றுக்கணக்கான ஏக்கரில் இடம். அதை நடத்தும் பொறுப்பு கல்வி இலாகாவுக்கு அல்ல; தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவுக்கு! கல்வியைத் தொழிற்பேட்டையாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் தொழிற்பேட்டைச் சட்டமும் பின்னாலேயே வந்து நிற்க எவ்வளவு நேரமாகும்? நல்லம்பள்ளி தாலுகாவில் அதியமான்கோட்டை, தடங்கம், அதகபாடிப் பக்கம் சிப்காட்டுக்கென்று நிலம் வளைத்த கதையைப் பார்த்த நமக்கு, எட்டு வழிச் சாலைக்கென்று 2018-ல் அரூர், பாப்பிரெட்டிப்பட்டிக் காடுகளில் போலீஸ் காவலோடு கல் நட்ட கதையைப் பார்த்த நமக்கு, இது புரியாத விஷயமல்ல.

நிலம் உள்ளவனுக்காவது ஒரு செக்குக் கிடைக்கிறது. கூலிக்காரனுக்கு என்ன? குத்தகைக்காரனுக்கு என்ன? புறம்போக்கில் இரண்டு ஆடு மேய்க்கிற கிழவிக்கு என்ன? ஏக்கர் போனால் அந்த ஏக்கரில் களை, அறுப்பு, கடலை ஆய்தல் என்று வருஷம் முழுவதும் இருந்த கூலி நாட்கள் போகின்றன. அந்தக் கணக்கை எந்த விஸ்தரிப்புத் திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை. சமூகப் பாதிப்பு ஆய்வைக் கண்டு சர்க்கார்கள் ஏன் அஞ்சுகின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையா?

ஹைதராபாத்தும் பெர்க்கிலியும்

சர்வகலாசாலைக்கு நிலம் இல்லை, ஆகவே உழவன் நிலம் தர வேண்டும் என்கிறார்கள். சரி, சர்வகலாசாலையிடம் நிலம் இருந்தால் விட்டு வைக்கிறார்களா? ஹைதராபாத் மத்திய பல்கலைக்கழகத்துக்கு 1970-களில் 2,300 ஏக்கருக்கு மேல் ஒதுக்கினார்கள். அங்கே ஐ.டி. கம்பெனிகள் சுற்றிலும் முளைத்து நிலம் தங்க விலை ஆனதும் சர்க்கார்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. காஞ்ச கச்சிபவுலியில் 400 ஏக்கரைத் தன்னுடையது என்று ராஜ்ய சர்க்கார் வழக்காடி வாங்கியது. 2025 மார்ச் 30, உகாதிப் பண்டிகை. ஜனங்கள் விடுமுறையில் இருக்கும் நேரம் பார்த்துக் காங்கிரஸ் சர்க்காரின் புல்டோசர்கள் காட்டுக்குள் புகுந்தன. குறுக்கே நின்ற மாணவர்களைப் போலீஸ் இழுத்துப் போயிற்று. ஏப்ரல் 3-ல் சுப்ரீம் கோர்ட்டுத் தடுத்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 100 ஏக்கரில் மரங்கள் சாய்ந்துவிட்டன. முதலாளி சர்வகலாசாலை கட்ட வந்தால் உழவனின் நிலம் அவனுக்கு. முதலாளி கம்பெனி கட்ட வந்தால் சர்வகலாசாலையின் நிலம் அவனுக்கு. இதுதான் இவர்களுடைய 'வளர்ச்சி'.

சொர்க்கபூமி என்று நம் ஊர்ப் பத்திரிகைகள் பாடுகிற அமெரிக்காவில்? கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரத்தில் சர்வகலாசாலை நிர்வாகம் 1967-68-ல் ஒரு குடியிருப்புத் துண்டைக் கட்டாயமாக எடுத்து வீடுகளை இடித்தது. இடித்தபின் பணமில்லை என்று போட்டு வைத்தது. 1969-ல் ஊர் ஜனங்களும் மாணவர்களும் அந்தச் சேற்றில் செடி நட்டு 'மக்கள் பூங்கா' என்று பெயர் வைத்தார்கள். மே 15 அதிகாலையில் வேலி போட்டது நிர்வாகம். எதிர்த்து வந்த கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டதில் ஜேம்ஸ் ரெக்டர் என்ற 25 வயது வாலிபன் மாண்டான். ரொனால்டு ரீகன், அப்போது அந்த ராஜ்யத்தின் கவர்னர், பட்டாளத்தையே அனுப்பினார். ஐம்பத்தைந்து வருஷம் கழித்தும் கதை முடியவில்லை: 2024 ஜனவரியில் நள்ளிரவில் போலீசைக் குவித்து, கப்பல் சரக்குப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பி அந்தப் பூங்காவை மூடினார்கள். மாணவர் விடுதி கட்டவாம். மாணவருக்கு விடுதி வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஊரை எதிரியாக்கி, பட்டாளத்தையும் பெட்டியையும் வைத்துத்தான் விடுதி கட்ட வேண்டுமா என்று கேட்கிறோம்.

பெர்க்கிலி விவகாரத்தில் நமக்கு உபயோகமான ஒரு செய்தி உண்டு. சர்வகலாசாலை நில வரி கட்டுவதில்லை; ஆனால் அதன் ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கும் சேர்த்து ரோடும் தீயணைப்பும் நகரசபை பார்க்க வேண்டும்; வீட்டு வாடகையோ ஏழைக்கு எட்டாத உயரம். நகரசபை கோர்ட்டுக்குப் போய் மல்லுக்கட்டியது. 2021-ல் சர்வகலாசாலையின் நீண்ட காலத் திட்டத்தை ஒட்டி ஓர் உடன்பாடு ஏற்பட்டு, 16 வருஷத்தில் 8 கோடியே 26 லட்சம் டாலர் நகரத்துக்குத் தர நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அது போதாது என்று அந்த ஊர்க்காரர்களில் பலர் சண்டை போட்டார்கள். அது வேறு விஷயம். ஆனால் ஊருக்குச் செலவு இருக்கிறது, அதற்குச் சர்வகலாசாலை பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பது காகிதத்தில் ஏறியது அல்லவா? நமது ஊராட்சிகளில் தனியார் கல்லூரிக்காரன் ராட்சச போர்வெல் போட்டு உறிஞ்சும்போது, ஐந்து வீட்டுக்கு ஒரு குழாய் வைத்திருக்கிற பஞ்சாயத்துக்கு அவன் என்ன பதில் சொல்கிறான்?

நமக்கு வேண்டியது

சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நாலு ஜில்லாவுக்கு இருப்பது 1997-ல் ஏற்பட்ட பெரியார் பல்கலைக்கழகம். நமது ஜில்லாவில் பைசுஅள்ளியில் அதற்கு ஒரு முதுகலை விரிவாக்க மையம் இருக்கிறது. பென்னாகரத்தில் அது ஆரம்பித்த உறுப்புக் கல்லூரி பின்னால் சர்க்கார் கல்லூரியாயிற்று. இவையெல்லாம் ஜனங்களின் சொத்து. வளர வேண்டும் என்று நாம்தான் முதலில் கேட்கிறோம். ஆனால் வளர்ச்சி என்றால் என்ன? 2023-ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், சர்க்கார் அனுமதியில்லாமல் 'பூட்டர்' என்று ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார் என்ற புகாரில் டிசம்பர் 26-ல் கைதானார். பிறகு ஜாமீனில் வந்தார். வழக்கின் நியாயத்தைக் கோர்ட்டுப் பார்க்கட்டும். ஜனங்களின் சர்வகலாசாலைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி எதற்காக முளைக்க வேண்டும் என்று கேட்க நமக்குக் கோர்ட்டு உத்தரவு தேவையில்லை.

1857-ல் பிறந்த சென்னைச் சர்வகலாசாலையின் பாங்குக் கணக்கை 2024-ல் 424 கோடி ரூபாய் வரிப் பாக்கி என்று வருமான வரி இலாகா முடக்கி வைத்தது, சம்பளத்துக்கே திண்டாட்டம். சர்க்கார் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர் சூட்டிய வாத்தியார்களுக்கு மாதம் 50,000 கொடு என்று யு.ஜி.சி. 2019-ல் சொன்னது. தமிழ்நாட்டில் பல வருஷம் 20,000 கொடுத்துவிட்டுப் பிறகு 25,000 என்றார்கள். பெயரிலே கௌரவம், பையிலே காற்று. மில்லில் பதிலி, காண்ட்ராக்ட் என்று நம்மை வைத்திருப்பதைப் போலத்தான் காலேஜில் அவர்களையும் வைத்திருக்கிறார்கள். சர்க்கார் சர்வகலாசாலையைப் பட்டினி போட்டு, அது மெலிந்து நிற்பதைக் காட்டி, 'பாருங்கள், தனியார் வந்தால்தான் உருப்படும்' என்று சொல்கிற தந்திரத்தைத்தான் 2025 மசோதாவில் கண்டோம்.

இருக்கிற சர்க்கார் கல்லூரிகளில் காலி இடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்பட்டும். பைசுஅள்ளியில் பாடப் பிரிவுகளைப் பெருக்கட்டும். இண்டூர், பென்னாகரம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் இருட்டில் பஸ் ஸ்டாண்டில் நிற்காமல் படிக்க விடுதி கட்டட்டும். காலையிலும் மாலையிலும் கூடுதல் பஸ் விடட்டும். மில்லில் ஷிப்டு முடித்து வருகிறவனுக்கு மாலை வகுப்பு நடத்தட்டும். இதற்கு 6,000 ஏக்கர் வேண்டாம், 50 ஏக்கர்கூட வேண்டாம். இருக்கிற நிலத்தில் மாடி கட்டினால் போதும். அப்படியும் புது இடம் வேண்டுமென்றால், திட்டத்தை முதலில் தமிழில் அச்சடித்து ஊராட்சிப் பலகையில் ஒட்டட்டும்: எத்தனை ஏக்கர், எந்த சர்வே நம்பர், எத்தனை லட்சம் லிட்டர் தண்ணீர், எத்தனை கூலி நாள் போகும், இட ஒதுக்கீடு உண்டா, கட்டணம் என்ன, துப்புரவுக்கும் காவலுக்கும் எடுக்கிற ஊர் ஆட்களுக்கு நிரந்தர வேலையா, காண்ட்ராக்டா?

தனியார் பல்கலைக்கழகத் திருத்த மசோதாவை எந்த ரூபத்திலும் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்றும், தொழில் நோக்க நில எடுப்பிலும் கூலி விவசாயிகளைக் கணக்கில் சேர்த்துச் சமூகப் பாதிப்பு ஆய்வு நடத்த வேண்டும் என்றும், பென்னாகரம் கல்லூரியிலும் பைசுஅள்ளி மையத்திலும் விடுதியும் நிரந்தர ஆசிரியரும் வேண்டும் என்றும் மூன்று தீர்மானங்களை எழுதிக்கொண்டு வருகிற கிராமசபைக்குப் போங்கள், தோழர்களே! தனித்தனியாகப் போகாதீர்கள்; நூறு நாள் வேலைக்குப் போவது போல் தெருத் தெருவாகச் சேர்ந்து போங்கள். செயலாளர் "இது நம் அதிகாரத்தில் இல்லை" என்பார். இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் மூன்றும் ஏறி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வாருங்கள்.